ஆயத்த அறையில் கவிழ்த்து வைத்த போன்

உலகம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதற்கடுத்த மாதக் கூட்டத்துக்கு இன்றே பெயர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடைக்காது. சில வாரங்களுக்கு முன் இரண்டையும் ஒரே மேடையில் ஒரே மனிதர் சொன்னார். கூடியிருந்த எண்ணூறு பேரும் இரண்டுக்கும் கைதட்டினோம். பலமாகத் தட்டியது நான்தான்.

குடும்பக் குழுவில் தினமும் வீடியோ அனுப்பி உங்கள் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினேனே, அதே தீர்க்கதரிசிதான். வெள்ளைச் சூட்டு, வெள்ளை ஷூ. வேதத்தில் வரும் மிருகத்துக்குப் பத்துக் கொம்பு என்றால், எந்தக் கொம்பு எந்த நாடு என்று படம் போட்டுக் காட்டுவார். போன வருடம் ஏழாவது கொம்பாக இருந்த நாடு இந்த வருடம் மூன்றாவது கொம்பு. கொம்பு எப்படி இடம் மாறும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இங்கே நான் வேலை செய்யும் சலவை ஆலையில் ஷிப்டு மாறுவதுபோல மாறும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்ப்பார். அப்படிப்பட்டவர் மூன்று வாரத்துக்கு முன் என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"மகளே, உன் தாயின் வயிற்றில் கற்களைப் பார்க்கிறேன். கத்தி அவளைத் தொடாது!"

அம்மாவின் பித்தப்பைக் கல்லைப் பற்றி அங்கே ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. ஜெபத்தில் மட்டும் சொன்னேன். அதுவும் தமிழில்.

உடனே ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு அம்மாவின் ஆபரேஷனை நிறுத்தினேன். வெளிநாட்டிலிருந்து வரும் முட்டாள்தனத்துக்கு நம் வீட்டில் தனி மரியாதை உண்டு, அண்ணனும் நிறுத்திவிட்டான். போன வாரம் அண்ணி அழைத்தாள்.

"காலைல இருந்து வாந்தி. டாக்டர் திட்டிட்டு, வர்ற செவ்வாய்க்கிழமைக்கு நாள் குடுத்திருக்கார். வாங்க அத்தைன்னா, 'கத்தி படாதுன்னு என் பொண்ணு சொல்லியிருக்கா'ன்னு அசைய மாட்டேங்கறாங்க. நீ கட்டின கட்டு, நீயே வந்து அவிழு."

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை, இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விடுவது என் வேலை. மறுமுனையில் அவற்றை வாங்கி மடிப்பவரை எல்லோரும் மடிப்பு அக்கா என்போம். சாப்பாட்டு இடைவேளையில் வேதம் வாசிக்கிற ஆள்.

"ஏன்டி, எல்லாத்தையும் கோணலா விடுற? உருளைக்குப் பேய் பிடிச்சிருக்கா, உனக்கா?"

அழுதுகொண்டே சொன்னேன். அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"பாபிலோன் ராஜா கனவு கண்ட கதை தெரியுமா?"

"தெரியும்க்கா. அர்த்தம் சொன்னாங்களே."

"அர்த்தம் அப்புறம்டி. 'நான் என்ன கனவு கண்டேன்னு முதல்ல நீங்களே சொல்லுங்க, அப்பத்தான் அர்த்தத்தை நம்புவேன்'னான் ராஜா. அவனுக்கு இருந்த விவரம்கூட உனக்கு இல்ல. ஞானம் இல்லாதவன் ஆண்டவர்கிட்ட கேக்கணும்னு வேதத்துலயே இருக்கு. நீ என்ன கேட்ட?"

"கல்லு கரையணும்னு கேட்டேன்."

"எங்க உக்காந்து?"

"ஆயத்த அறையில."

கூட்டத்துக்கு முன் எல்லோரும் அந்த அறைக்குப் போயாக வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி, மனதில் இருப்பதைச் சத்தமாகக் கொட்ட வேண்டும். ஒரு ஊழியச் சகோதரி நம் கையைப் பிடித்துக்கொள்வார். அவரும் தமிழ் தெரியாதவர்தான். நேரம் பார்ப்பதற்காகத் தன் போனை நம் முழங்கால் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்.

"கவுத்து வச்ச போன்ல எப்படிடி நேரம் பாப்பா?"

எனக்கு முகம் சுட்டது. இந்தச் செய்தியையே நான் வாயால்தான் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நாம் பேசினால் எழுதும், எழுதியதை வேறு பாஷையில் மாற்றியும் கொடுக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த மேதாவி நான். அந்த அறைக்குள் போனால் மட்டும் போன் பரிசுத்தமாகிவிடும் என்று நினைத்தேன்போல.

இன்று காலைக் கூட்டத்துக்கு அக்காவும் என்னோடு வந்தாள். ஆயத்த அறையில் கண்ணை மூடி உருகினாள். "ஆண்டவரே, என் வீட்டுக்காரருக்கு வலது கால்ல ஆறாத புண்ணு!"

வெளியே வந்ததும் அவள் காதில் கிசுகிசுத்தேன். "அக்கா, உங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலையே. ஜெபத்துல பொய் சொல்லலாமா?"

"ஆண்டவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், இது உங்களுக்கு இல்ல, அந்தப் போனுக்குன்னு."

கூட்டம் தொடங்கி அரை மணி நேரம். தீர்க்கதரிசி கண்ணைச் சுருக்கினார். மொழிபெயர்ப்பாளர் முழங்கினார்.

"நாலாவது வரிசை, பச்சை ஸ்வெட்டர் சகோதரி! உங்கள் கணவரின் வலது காலைப் பார்க்கிறேன். முகமும் தெரிகிறது. தாடி வைத்திருக்கிறார். உங்களுக்காக அழுகிறார்!"

அக்கா எழுந்தாள். "தாடி எவ்வளவு நீளம் ஐயா?"

"நெஞ்சு வரைக்கும்!"

"எனக்குக் கல்யாணமே ஆகல. இவ்வளவு தெளிவா தெரியறார்னா அப்படியே அட்ரஸையும் சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."

மொழிபெயர்ப்பாளருக்கு வாய் ஒட்டிக்கொண்டது. என்ன சொன்னாள் என்று தீர்க்கதரிசி அவர் தோளை உலுக்கினார். பரலோகத்தில் நடப்பதெல்லாம் தெரிகிறவருக்கு நாலாவது வரிசையில் நடப்பது தெரியவில்லை.

அக்காவை உட்கார வைக்க ஊழியச் சகோதரி ஓடி வந்தார், கையில் போனோடு. அக்கா அதைப் பறித்து, திரையில் இருந்ததைச் சத்தமாக வாசித்துத் தமிழிலும் சொன்னாள். "பச்சை ஸ்வெட்டர். கணவர். வலது கால். ஆறாத புண்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "தாடி மட்டும் இதுல இல்ல. அதுதான் தரிசனம்போல!"

நானும் எழுந்தேன். "எங்கம்மா கல்லையும் அந்த ரூம்லதான் சொன்னேன்!" என்று கத்தினேன். வேறு சிலரும் எழுந்து கத்தினார்கள். மற்றவர்கள் "சாத்தான் வந்துட்டான்" என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. போன வாரம்வரை அந்தக் கைகளில் இரண்டு என்னுடையவை.

வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அவன் பொய்யன்மா. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"பொய்யன்னு யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"தீர்க்கதரிசின்னு சொன்னதும் நீதானே?"

நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தாடியைக் கேட்டு அம்மா சிரித்தாள். சிரித்ததும் "ஆ" என்றாள்.

"வலிக்குதாம்மா?"

"மூணு வாரமா வலிக்குதுடி. கத்தி படாதுன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னியே. அந்த ஊர்ல தனியா கிடக்கிற பொண்ணு, உன் மனசு உடையக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமை போறேன். போனை வை, அண்ணிகிட்ட சொல்லணும்."

எனவே, என் வீடியோக்களுக்கு "ஆமென்" போட்ட அத்தை, மாமா, சித்தப்பா எல்லோருக்கும்: அவற்றை அழித்துவிடுங்கள். கண்ணை மூடி ஜெபியுங்கள், தப்பே இல்லை. புத்தியையும் சேர்த்து மூடினால் இழப்பு நமக்கில்லை, நம்மை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு.