சுவாதி படிப்பதைக் கேட்கும் மெஷின்

சூளகிரி பக்கம்,
சனிக்கிழமை சாயங்காலம்.

சிங்காரப்பேட்டையில் இருக்கும் அன்புள்ள மச்சான் ஆனந்தராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை மாதேஸ்வரியின் வீட்டுக்காரன் கங்கப்பன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும், தக்காளித் தோட்டமும், உங்கள் வீட்டிலிருந்து ஓட்டிவந்த பசுவும் சுகம். அங்கே அக்காவும் பையன் அஜித்குமாரும் குறையில்லாமல் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான், போனில் பேசினால் ஆகாதா என்று நினைப்பீர்கள். கம்பெனியிலிருந்து வந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் போன் என் மகள் சுவாதியின் கைக்குப் போய்விடுகிறது. அவள் தூங்கிய பிறகுதான் எனக்குத் திரும்பி வரும். அதற்குள் நீங்களும் தூங்கிவிடுகிறீர்கள்.

விஷயம் இதுதான். சுவாதியை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு ஊத்தங்கரையில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள். அன்றைக்கு நான் பிடிகொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போங்கள். டி.சி. வாங்கி வைக்கிறேன்.

உங்களுக்கே தெரியும், உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் ‘ஐலண்டு’ என்பதை அவள் ‘இஸ்லாண்டு’ என்று படித்தாள். அஜித்குமார் சிரித்தான். சின்னப் பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இவள் இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தால் உதடு அசையும், சத்தம் வராது. அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊர் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துக்கு ஏ.ஐ. வந்தது. ஜோதிமணி டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு டேப்லெட்டைக் காட்டி, “இது பாடம் நடத்தறதுக்கு இல்லீங்க. பிள்ளைங்க படிக்கறத கேக்கறதுக்கு. எங்க தடுமாறுதுங்கன்னு எனக்குச் சொல்லும். இத்தன பேரு படிக்கறத நான் ஒருத்தி தனித்தனியா உக்காந்து கேக்க முடியல” என்றார். வீட்டில் நான் பேசுவதைக் கேட்கவே ஆளில்லை, இந்தப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க ஒரு மெஷினா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் வாரம் ஒரே ரகளை. வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற பிள்ளைகள் ‘வாட்டர்’ என்றால் அது ‘டாட்டர்’ என்று எடுத்துக்கொண்டது. மெஷினுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டி, வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தியது. வெளியே கிரானைட் லாரி போனால் அதையும் யாரோ படிப்பதாக நினைத்து அது “குட் ட்ரை” என்றது. டீச்சர் சலிக்காமல் ஆளுக்கொரு மூலை பிரித்துக் கொடுத்தார். சுவாதி சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாளாம். அங்கே அவளைப் பார்க்க யாருமில்லை. தப்பாகப் படித்தாலும் அந்த மெஷின் சிரிக்கவில்லை, உச்சுக்கொட்டவில்லை, இன்னொரு தடவை படி என்று மட்டும் சொன்னது. ஒருநாள் டீச்சர் ரோட்டிலேயே என் வண்டியை நிறுத்தி, “உங்க பொண்ணு ஒரு கத முழுசும் சத்தமா படிச்சிட்டா. வெளிய நின்னு கேட்டுட்டே இருந்தேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வண்டியை விட்டு இறங்கி, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆனால் மச்சான், திறந்த வாய் அதற்குப் பிறகு மூடவில்லை. வீட்டிலும் பழகட்டும் என்று டீச்சர் அதை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட், கேஸ் சிலிண்டர் எதுவும் தப்பவில்லை. தக்காளிக்கு அடிக்கும் மருந்து டப்பாவைப் படித்துவிட்டு, “அப்பா, பிள்ளைங்களுக்கு எட்டாத எடத்துல வெக்கணும்னு போட்டிருக்குது. நீ அரிசி டப்பா பக்கத்துல வெச்சிருக்கற” என்றாள். இப்போது அது மோட்டார் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. மருந்தடிக்கும் நாளில் அங்கேயும் இங்கேயும் நடந்தே என் முட்டி தேய்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை நடந்ததுதான் தாங்க முடியவில்லை. கம்பெனி வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து எங்கள் மேனேஜர் சுடலைமுத்து சார் பாதுகாப்பு உறுதிமொழியை இங்கிலீஷில் வாசித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். காலையில் சுவாதி அந்த மெஷினை மூடாமல் போனைக் கொடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அவர் ‘ஹஜார்டு’ என்று படித்து மூச்சு வாங்கினார். என் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல், “குட் ட்ரை. ஹாஸர்ட். ரீட் இட் அகெய்ன்” என்றது.

எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக “ஹாஸர்ட்” என்றார். “வெல் டன்” என்றது போன். பின்வரிசையில் எவனோ கைதட்டிவிட்டான்.

“யாரு சொல்லிக் குடுக்கா இத?” என்று கேட்டார் மேனேஜர்.

“கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல சார். எம்பொண்ணு படிக்கறது.”

“அப்படியா. சாயங்காலம் போனோட என் ரூமுக்கு வாரும். வெளிநாட்டுக்காரங்க வாராங்க, நான் பேசணும்.”

அன்றைக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனில் இருந்த ஒரு வாத்துக் கதையை மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படித்து முடிக்கும் வரை நான் நின்றேன். கம்பெனி பஸ் போய்விட்டது. அதிலிருந்து தினமும் இதே கதை.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். இந்த மெஷின் இன்றைக்கு இருக்கிறது. நாளைக்கு யாராவது வந்து எடுத்துப் போய்விட்டால், ஜோதிமணி டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டால், என் பிள்ளை மறுபடியும் வாயை மூடிக்கொள்வாளோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. உங்களிடம் இருந்தால் அந்தக் கவலை இல்லை. அதனால் தவறாமல் வாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், அஜித்குமாருக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் பாலும் நெல்லும் எப்போதும் பொங்கட்டும்.

இப்படிக்கு,
கங்கப்பன்.

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கவரை ஒட்டப்போகும்போது மாதேஸ்வரி வேலையிலிருந்து வந்தாள். அத்திப்பள்ளி தாண்டி ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறாள் அல்லவா. அந்தப் பக்கத்து பஸ்களில் போர்டு கன்னடத்தில் இருக்கும், கீழே சின்னதாக இங்கிலீஷ். இரண்டும் இவளுக்குத் தெரியாது. யாரையாவது கேட்டு ஏறுவாள், ஒருமுறை தப்பாக ஏறி ஆனேக்கல் போய் அழுதுகொண்டு திரும்பினாள். இன்றைக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஏங்க, நானே ஹோசூர்னு படிச்சு ஏறுனேன். யாரையும் கேக்கல” என்றாள். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகும் நேரத்தில் அம்மாவும் மகளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார்கள். டி.சி. விஷயத்தைச் சொன்னேன். “இவ போயிட்டா எனக்கு யாரு சொல்லித் தருவா?” என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். ஆகவே கூட்டிப்போக வரவேண்டாம், சாப்பிட வாருங்கள். வரும்போது நல்ல இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வாருங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், உங்கள் தங்கைக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை.