சர்வர் தலையில் பச்சைப் பாக்கெட்

"ஜியான் அண்ணே, அதை மட்டும் எடுக்காதீங்க!" என்று அவருடைய உதவியாளர் பெய்-ஷான் கத்தினாள். அதற்குள் ஜியான் எடுத்துவிட்டார்.

சர்வர் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்த சோளப்பொரிப் பாக்கெட். பச்சை நிறம். தைவானின் சின்சூ நகரத்தில் அது இல்லாத சர்வர் அறையே கிடையாது. பச்சை மேலே இருந்தால் மெஷின் அடம் பிடிக்காது என்பது ஊர் நம்பிக்கை.

"வெளிப்பொருள் எதுவும் உள்ள இருக்கக் கூடாது. நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்ல?" என்று குப்பைக்கூடையில் போட்டார்.

அவர் கவலை அவருக்கு. இந்த வாரம் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து பாதுகாப்புச் சோதனை. எப்போது, எப்படி என்று சொல்லமாட்டார்கள். கோட்டைவிட்டால் ஆர்டர் போகும். கூடவே கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஜியானின் வேலையும் போகும். அதனால் காலையிலிருந்தே ஊழியர்கள் கம்ப்யூட்டரில் செருகியிருந்த குட்டி விசிறி, டீக்கோப்பை சூடாக்கி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஏசி பார்க்க வந்த ஆளை, "யாரு கூப்பிட்டா?" என்று வாசலோடு விரட்டினார். பிரிண்டர் பார்க்க வந்தவனுக்கும் அதே மரியாதைதான்.

சர்வர் படுத்துவிட்டது.

ஜியான் அணைத்துப் போட்டார். இப்போது சரக்குப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் மெஷினும் சேர்ந்து நின்றது. கீழே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். முதலாளி யோ மேடம் ஓடி வந்தார்.

"பாக்கெட் எங்கய்யா?"

"குப்பையில மேடம். நாம சிப் சோதிக்கிற கருவி செய்யறவங்க. இதையெல்லாம் போய்..."

"என்கிட்ட ஏன் சொல்ற? மெஷின்கிட்ட சொல்லு!"

கூடையில் பாக்கெட் இல்லை. வாட்ச்மேன் ஆ-ஹூய் வாயில் ஏதோ மொறுமொறுத்தது.

"தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன் சார். தேங்கா வாசம் நல்லாருக்கு."

பெய்-ஷான் கீழே கடைக்கு ஓடினாள். பச்சை தீர்ந்துபோய் மஞ்சள்தான் கிடைத்தது. அவசரத்தில் ஜியானே அதை அவள் கையிலிருந்து வாங்கி சர்வர் மேலே வைத்தார். பளிச்சென்று மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அடப்பாவி மனுஷா, மஞ்சளை வெச்சா மஞ்சள் விளக்குதான எரியும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மேடம். "போன்ல ஆர்டர் போடு, சீக்கிரம்!"

எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள். கடைசியில் ஹெல்மெட், முகக்கவசத்தோடு ஒருவன் பச்சைப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். ஆ-ஹூய் சலாம் போட்டான். பெய்-ஷான் லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தினாள். சர்வர் அறைக் கதவில் ஜியானே விரலை வைத்துத் திறந்தார்.

"நான் உள்ள வரலாமா சார்?"

"இதென்ன கேள்வி? வாங்க தம்பி! உங்க கையாலயே வைங்க!"

வைத்தான். விளக்கு பச்சைக்கு மாறியது. கைதட்டல் அடங்க நேரமானது. மேடம் டீ கொண்டுவரச் சொன்னார். ஜியானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். வாடிக்கையாளர் கம்பெனியின் அட்டை.

"ஏசிக்காரனா வந்தேன், விரட்டுனீங்க, பிரிண்டர்காரனா வந்தேன், விரட்டுனீங்க, சரி, இவங்க பாஸுன்னு எழுதிட்டுக் கிளம்பிட்டேன் சார், வாசல்ல டெலிவரிக்காரன் கையில இந்தப் பச்சைப் பாக்கெட்டைப் பாத்து, ஹெல்மெட்டோட சேத்து வாங்கிக்கிற வரைக்கும்!"