கண்ணை அளக்கும் கருவி

ஸ்ஃபாக்ஸ்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் லம்ஜெத் அவர்களுக்கு, தௌஃபீக் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் உங்கள் தங்கையும் நானும் நலம். காபெஸில் உங்கள் நலத்தையும், உங்கள் ஈச்ச மரங்களின் நலத்தையும் அறிய ஆவல்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, என் பிழைப்பு ஊசலாடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் பிழை பார்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. போன மாதம் எங்கள் அச்சக இயக்குநர் முராத், ஊழியர்களின் கவனத்தை வளர்க்கிறேன் என்று ஒவ்வொரு மேசையிலும் கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றைப் பொருத்திவிட்டார். கண் திரையை விட்டு விலகினால் அது 'டிங்' என்கிறது. மணிக்கொரு முறை நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று காட்டுகிறது. தும்மினால் டிங். கண்ணாடியைத் துடைத்தால் டிங். எதிர் மேசை நஸீஹா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அக்கா மகளுக்குக் கல்யாண உடை தேடுகிறாள், அவளுக்குத் தொண்ணூற்றாறு! அவளும் கருவியும் கூட்டு என்பது என் சந்தேகம். இது போதாதென்று அலுவலகக் குழு என்று கைபேசியில் ஒன்று. 'அவசரம்' என்று வரும், பதறித் திறந்தால், குளிர்பெட்டியில் வைத்திருந்த டூனா பிரிக்கை, அந்த மீன் வைத்துப் பொரித்த மடிப்புப் பலகாரத்தை, யார் தின்றது என்று விசாரணை, அதற்கு அறுபத்து மூன்று பதில். திறக்காவிட்டால், "எல்லாரும் பாத்தாச்சு, நீங்க மட்டும் ஏன் திறக்கல? நீங்கதான் தின்னீங்களா?" என்கிறாள் நஸீஹா.

இந்த லட்சணத்தில் போன வியாழனன்று குழந்தைகளின் இருமல் மருந்துத் தாள் வந்தது. டிங்குக்கும் பிரிக்குக்கும் நடுவே படித்து, கையெழுத்துப் போட்டுக் கீழே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் சற்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். எதிர் வீட்டு பால்கனியில் ஒருத்தி குழந்தைக்குக் கரண்டியால் ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கரண்டியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாளில் இருந்தது 2.5 மில்லியா, 25ஆ? இருபத்தைந்து என்றால் அஞ்சு கரண்டி! கருவி கத்தக் கத்த மூன்று மாடி இறங்கி ஓடினேன்.

"என்ன தௌஃபீக், வீடு பத்திக்கிச்சா?" என்றார் அச்சு இயந்திரக்காரர் ஷெத்லி.

"மெஷினை நிறுத்துங்க!"

"இயக்குநர் சொல்லாம நிறுத்தினா என் சீட்டைக் கிழிச்சிருவாரு."

பேச நேரமில்லை, சிவப்புப் பொத்தானை நானே அமுக்கினேன். தாளை எடுத்துப் பார்த்தால் புள்ளி இல்லை. நாலாயிரம் தாள் அடித்தாகியிருந்தது, ஒன்றும் வெளியே போகவில்லை. தாள்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷெத்லி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தாள்களைக் கிழிக்க ஆரம்பித்தார்.

மேலே வந்தால் இயக்குநர் என் மேசையருகே நிற்கிறார்.

"இருபத்திரண்டு நிமிஷம் எங்க போனீங்க?"

"ஐயா, ஒரு புள்ளி விட்டுப்போச்சு..."

"நானும் புள்ளியைப் பத்தித்தான் கேக்கறேன். உங்க புள்ளி முப்பத்தொண்ணு!"

இந்த மாதமும் ஐம்பதைத் தாண்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாமாம். ஆகவே உங்கள் பேரீச்சம்பழக் கிடங்கில் எனக்கு ஒரு வேலை பாருங்கள், கேமரா இல்லாத மூலையாக இருந்தால் போதும். இன்னொன்று. பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த முராத்தின் காதில் நீங்கள் ஏதோ 'புதுக் கருவி' என்று சொன்னதாக உங்கள் தங்கை சொல்கிறாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் குலைகள் கனக்கட்டும், உங்கள் கைபேசி ஊமையாகட்டும். வீட்டில் அனைவருக்கும் என் ஸலாம்.

அன்புள்ள,
தௌஃபீக்

பி.கு.: எனக்குக் கிடங்கில் வேலை தேட வேண்டாம். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இரண்டு மணி நேரம் இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததில் எனக்குத் தொண்ணூற்றெட்டு! இப்போதுதான் இயக்குநர் வந்து, "இதுதான் கவனம்! வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிழை பார்க்க வேண்டிய எட்டுத் தாளை மதிய இடைவேளையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இனித் தினமும் உங்களுக்குக் கடிதம் வரும். பதில் போட்டுவிடாதீர்கள், கவனம் சிதறும்.