‘தனி’ என்றொரு ஃபோல்டர்

வீட்டில் இருக்கிற எல்லா ஃபைல்களையும் இனிமேல் ஒரே இடத்தில் வைத்துவிடுவது என்று அவர் முடிவெடுத்தார். ஒரு பெரிய அச்சகத்தில் கணினிகளைக் கட்டி மேய்க்கிற வேலை அவருக்கு. அங்கே எந்த ஃபைலும் அவருக்குத் தெரியாமல் இருமக்கூட முடியாது. வீட்டில் மட்டும் எதற்கு இந்த அராஜகம்? இது வெளியே சொன்ன காரணம்.

சொல்லாத காரணம் வேறு. அவர் மனைவி கணக்கு டீச்சர். கொஞ்ச நாளாகச் சாயங்கால வேளைகளில் உள் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். இவர் தலை தெரிந்தால் மூடிவிடுகிறாள். ஒரு தடவை அவள் மூடுவதற்குள் ஒரு ஃபோல்டரின் பெயர் இவர் கண்ணில் பட்டுவிட்டது. ‘தனி’ என்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் தனி என்று இருந்தது அவருடைய துண்டு ஒன்றுதான். அதிலும் அவள் கை துடைப்பாள்.

என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதை போய்விடும். கேட்காததில் பசி போய்விட்டது.

“வீட்டுக்கு ஒரு சர்வர் வைக்கப் போறேன்” என்றார்.

“எதுக்குங்க? சாப்பாடு நான்தானே பரிமாறறேன்?”

“அந்த சர்வர் இல்ல. ஃபைல் சர்வர். உன் ஃபைல், என் ஃபைல், பையன் விட்டுட்டுப் போன ஃபோட்டோ, எல்லாம் ஒரே பெட்டியில.”

“சம்பளம் கேக்குமா?”

“கரன்ட் மட்டும் கேக்கும்.”

“அப்ப உங்களைவிடச் சிக்கனம்” என்றாள். பிறகு முகம் மாறியது. “என் ஃபோல்டரை யாரும் திறக்க முடியாதே?”

“முடியாது.”

“நீங்க?”

“நானே நெனச்சாலும் முடியாது.” சொல்லும்போது அவர் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சாச்சு.”

நடையில் செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு பழைய கணினியை ஏற்றி வைத்தார். அச்சகத்தில் ஓடுவது போன்ற சர்வரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அது கணினியின் கெர்னலுக்குள்ளேயே, அதாவது அடிமடியிலேயே, உட்கார்ந்து வேலை செய்யும். இவர் எடுத்தது யூசர் ஸ்பேஸில் ஓடுவது. மற்ற சாதாரண புரோகிராம்களோடு ஒன்றாக, கெர்னலுக்கு வெளியே. அதை அவளுக்கு விளக்கவும் செய்தார்.

“கெர்னல்தான் வீட்டுக்காரர்னு வெச்சுக்கோ. இது குடியிருக்க வந்த ஆள். ஏதாவது தகராறுன்னா இது மட்டும் வெளிய போகும். வீடு அப்படியே நிக்கும்.”

“நல்ல ஏற்பாடு. தகராறு அடிக்கடி வருமா?”

“வரவே வராது.”

முதல் நாளே வந்தது. சர்வர் எழுந்திருக்க மறுத்தது. எந்த ஃபோல்டரைப் பகிர்வது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்றெல்லாம் அமைப்பு ஃபைலில் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். வரி வரியாக மறுபடி படித்தார். மென்பொருள் எழுதினவனைத் திட்டினார். பின்னால் வந்து நின்ற டீச்சர், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பார்வையோடு திரையைப் பார்த்தாள்.

“அடைப்புக்குறி திறந்திருக்கு. மூடவே இல்ல.”

மூடினார். சர்வர் எழுந்து நின்றது. அவள் தன் ஃபோல்டரை அதில் ஏற்றி, தன்னைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, “கடைக்குப் போறேன், வர நேரமாகும்” என்று கிளம்பினாள்.

அவர் தன் லேப்டாப்பைத் திறந்தார். நேராகச் செருப்பு அலமாரிக்குப் போய் அந்தப் பெட்டியிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அது திருட்டு. நெட்வொர்க் வழியாக முறைப்படி பார்த்தால் அது மேற்பார்வை. அப்படித்தான் தன் மனதைச் சமாதானம் செய்தார். ரூட் என்ற பெயரில் உள்ளே போனார். ரூட் என்றால் அந்த உலகத்தில் சகல அதிகாரமும் படைத்தவர்.

அனுமதி இல்லை என்று வந்தது.

சர்வரின் கையேட்டைப் புரட்டினார். வெளியிலிருந்து ரூட் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவரையும் இந்த சர்வர் நசுக்கி, ‘யாருமில்லை’ என்று பதிந்துகொள்ளுமாம். வேண்டாம் என்று எழுதி வைக்காவிட்டால் நசுக்குவதுதான் அதன் சுபாவம். அவர் எழுதி வைக்கவில்லை. தான் வாங்கிய நாற்காலியில், தன் சொந்த வீட்டில், யாருமில்லாதவராகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அமைப்பு ஃபைலில் ‘நசுக்காதே’ என்று ஒரு வரி சேர்த்தார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். ஃபோல்டர் திறந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் ஒலிப்பதிவுகள். யார் குரலாக இருக்கும்? ஒன்றைத் தட்டினார்.

மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தார். அறுப்பது மரமில்லை, ஒரு ஆள்தான் குறட்டை விடுகிறான் என்று மெல்லப் புரிந்தது. திடீரென்று சத்தம் நின்றது. அறுப்பும் இல்லை, மூச்சும் இல்லை. அடுத்த மூச்சு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. அந்த ஆளுக்காக இவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி அந்த ஆள் திணறி மூச்சை இழுத்தான்.

“இந்த இடத்துலதான் நான் தோளைத் தட்டுவேன்.”

டீச்சர் வாசலில் நின்றிருந்தாள். கையில் பை இல்லை. கடைக்கே போயிருக்கவில்லை.

“இது நானா?”

“வேற யாரு என் பக்கத்துல படுக்கறாங்க?”

குறட்டை என்பதே தன் பரம்பரையில் கிடையாது, அதனால் டாக்டரும் தேவையில்லை என்பது அவர் கட்சி. அதைச் சொல்ல வாயெடுத்தார். லேப்டாப்பில் மறுபடி மூச்சு நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ராத்திரில ஃபோன்ல பதிவு பண்ணி, எங்கெங்க மூச்சு நிக்குதுன்னு கேட்டுக் கேட்டு, அந்த இடத்தை மட்டும் தனியா வெட்டி எடுத்தேன். டாக்டர் கேட்டுட்டார். நாளைக்கு உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார். இப்பவும் வரமாட்டேன்னு சொல்வீங்களா?”

“வரேன்” என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவருக்கு ரோஷம் மெல்லத் திரும்பி வந்தது.

“இதுக்குப் போய் இவ்வளவு ரகசியமா? என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே.”

“உங்களுக்குச் சொன்னா கேக்கமாட்டீங்க” என்றாள் அவள். “பூட்டி வெச்சாத்தான் கேப்பீங்க.”