நடுவில் ஓர் இடம்

டுவேன் கண்ணாடியைத் தட்டியபோது, ஷோரூம் வாசலில் நின்ற புது பிக்கப் வண்டிக்குள் வெர்லன் உன்ரூ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வண்டி நகரவே இல்லை. அவர்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பழுத்த கோதுமை, ஆளே இல்லாத கான்சஸ் மண்சாலை, ரேடியோவில் மெல்ல ஒரு பாட்டு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மனைவி லவோனா.

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்றான் டுவேன். வண்டி விற்பது அவன் வேலை.

"யோசிச்சிட்டிருக்கேன்."

யோசிக்க ஒன்றுமே இல்லை, அதுதான் கொடுமை. மேல் மாடல்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகக் கீழ் மாடலா, அதற்கு ஒரு படி மேலா என்பதுதான் கேள்வி. கீழ் மாடலில் கறுப்பு பம்பர், தரையில் ரப்பர், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட். அடுத்ததில் பளபள பம்பர், கம்பளம், தனித்தனி சீட், நடுவே கை வைத்துக்கொள்ள ஒரு பெட்டி.

அந்தப் பெட்டிதான் வெர்லனுக்கு ஜென்ம விரோதி. உயிரை விட்ட பழைய வண்டியிலும் அப்படி ஒன்று இருந்தது. அவள் அந்த ஓரம், இவர் இந்த ஓரம், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி இத்தனை வருஷம் போய் வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு அவர் ஓட்டிய ஓட்டை வண்டியில் லவோனா நடுவில் உட்கார்ந்து, அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். சாவதற்குள் இன்னொரு தடவை அப்படிப் போகவேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் அறுபது தாண்டிய ஆம்பளை இதை வாய்விட்டுச் சொல்வதா? எங்கள் பக்கத்து ஆண்கள் நாயைத்தான் கொஞ்சுவார்கள்.

அதனால் வீட்டில் வேறு காரணம் சொன்னார். கீழ் மாடலே போதும், ரப்பர் தரை என்றால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்றார்.

"சரி," என்று சொல்லிவிட்டு லவோனா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போச்சு, மனசு உடைந்துவிட்டது என்று வெர்லன் முடிவுகட்டினார். காலமெல்லாம் கூட உழைத்தவளுக்கு ஒரு கம்பளத்துக்குக்கூட வக்கில்லையா என்று நினைத்திருப்பாள், பாவம்.

மறுநாள் தானியக் கிடங்கில் காபி குடிக்கும் கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. கறுப்பு பம்பரையா வாங்கப்போகிறாய், உனக்கு என்ன கேடு என்று கேட்டார்கள். மாட்டிக்கொண்ட மனுஷன், காலம் கெட்டுக் கிடக்கிறது, சிக்கனமாக இருக்கவேண்டாமா என்று உளறிவைத்தார். சாயங்காலத்துக்குள் உன்ரூ பண்ணை திவாலாகிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, வெர்லனைத் தவிர.

அவருக்குத் தெரிந்தது முதல் கேசரோல் வந்தபோதுதான். எங்கள் ஊரில் கேசரோல் சும்மா வராது. நூடுல்ஸும் மீனும் சீஸும் போட்டு அடுப்பில் வைத்துச் சுட்டு, கண்ணாடிப் பாத்திரத்தோடு கொண்டுவருவார்கள். வீட்டில் சாவு விழுந்தால் வரும், ஆபரேஷன் என்றால் வரும். சர்ச்சில் பியானோ வாசிக்கும் ஆர்டித் அதை நீட்டி, "தைரியமா இரு வெர்லன்," என்று கையைப் பிடித்துக்கொண்டபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பணக்கஷ்டமெல்லாம் இல்லை, முதுகுக்கு நீள சீட்தான் நல்லது, அதனால்தான் அந்த வண்டி என்று சமாளித்தார். விடிந்ததும் மூன்று கேசரோல் வந்தன. கூடவே பாஸ்டரும் வந்து, சோபாவில் அவரைக் குப்புறப் படுக்கச்சொல்லி முதுகில் கைவைத்து ஜெபம் செய்தார். முதுகெலும்பில் ஏதோ பெரிய வியாதியாம். மத்தியானம் பக்கத்து நிலத்துக்காரன் கேலன் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெற்கு வயலைக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டான்.

லவோனா அடுப்படியை விட்டு நகரவில்லை. வந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முதுகைப் பார்க்கப் பார்க்க வெர்லனுக்கு அழுகை முட்டியது. தோளில் சாயட்டும் என்று ஆசைப்பட்டு ஊரார் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டோமே!

ராத்திரிச் சாப்பாட்டில், அதுவும் கேசரோல்தான், முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பளபள பம்பரையே வாங்கிடலாம். கம்பளம் எல்லாம் இருக்கு. உனக்காகத்தான்."

லவோனா அவரையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "உன் இஷ்டம்," என்று எழுந்து வெளியே போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு வெர்லனுக்குத் தூக்கமே இல்லை.

காலையில் ஷோரூமுக்குப் போனவர், கையெழுத்துப் போடுமுன் கடைசியாக ஒருதரம் அந்தக் கீழ் மாடலில் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கோதுமை அசைந்தது, சாலை நீண்டது, தோளில் இதமாகக் கனம் இறங்கியது. நடுசீட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு இறங்கினார்.

"பெட்டி வச்ச வண்டியையே குடுப்பா," என்றார்.

டுவேன் முழித்தான். "அப்போ இதை என்ன பண்ண? போன வாரமே லவோனாம்மா தனியா வந்து, இதை யாருக்கும் குடுத்துடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்களே. உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருக்காம், நீங்களா இதைக் கேட்டு வருவீங்கன்னு பார்த்துட்டிருக்காங்க."

வெர்லன் கதவைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "நடுவுல உட்கார்ந்து பார்த்தாளா? வசதியா இருக்குன்னாளா?"

"இல்லைங்க, அவங்க ஸ்டியரிங் முன்னாடிதான் உட்கார்ந்தாங்க. நீங்க நடுவுல உட்கார்ந்தா உங்களுக்கு முட்டி இடிக்குமான்னுதான் கேட்டாங்க."