தலையைப் பிடித்தால் மொழி வரும்

சென்னைத் துறைமுகத்துக்கு வந்த அத்தனை நாட்டுத் தலைகளையும் கையில் பிடித்துப் பார்த்தவர் எங்கள் தெரு ‘கப்பல் கத்திரி’ ஒருவர்தான். ஐ.நா. சபைக்குக்கூட அந்த வாய்ப்புக் கிடைத்ததில்லை. கப்பலில் ஏறி மாலுமிகளுக்கு முடிவெட்டுவது அவர் தொழில். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

பதினொரு மொழி தெரியும் என்பார். பொய்யில்லை. ‘குனி’, ‘ஆடாதே’, ‘காதோரம் குறைக்கட்டுமா’, ‘அம்மா சுகமா’ ஆகிய நான்கும் பதினொன்றிலும் சுத்தமாக வரும். ஒரே சிக்கல், கையில் ஒரு தலை இருந்தாக வேண்டும். திருவொற்றியூர் டீக்கடையில் யாராவது ரஷ்ய மொழி பேசிக் காட்டச் சொன்னால், டீ மாஸ்டரின் தலையை இடப்பக்கம் சாய்த்துவிட்டுத்தான் தொடங்குவார்.

“யோவ், பால் பொங்குது, வுடுய்யா!”

“ஆடாத மாமு, வார்த்த சிந்திடும்!”

நான் பிளஸ் ஒன் படித்தபோது, பள்ளி மாணவர்களுக்கு உலக மொழிகளையும் பண்பாடுகளையும் அறிமுகப்படுத்த ஒரு பல்கலைக்கழகம் விழா வைத்தது. அங்கே விண்ணப்பம் வாங்கி நேர்காணலில் தேறினால், ஓராண்டு சனிக்கிழமை வகுப்பு இலவசம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த விண்ணப்பத்துக்காகவே கிளம்பினேன். பெரியவர் ஒருவர் துணைக்கு வரவேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு இறால் கம்பெனியில் ஷிப்ட். அன்று கப்பல் இல்லாததால் கத்திரி வந்தார், சீப்புப் பெட்டியோடு.

அரங்கில் ஜப்பானிய மேசையில் காகிதக் கொக்கு, ஜெர்மன் மேசையில் கேக். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு கல்லூரி மாணவி எங்களை அழைத்துப் போனாள். கண்ணாடியில் பார்த்த ஆங்கிலம் போல எழுதியிருந்த ஒரு பலகையைக் காட்டி, “இது இன்னா பாஷைக்கா?” என்றேன்.

சிரித்தாள். “முதல்ல தமிழை ஒழுங்கா பேசக் கத்துக்கோம்மா. அப்புறம் ரஷ்யன் பார்க்கலாம்.”

‘எல்லாப் பண்பாடுகளையும் மதிப்போம்’ என்று அவள் தலைக்கு மேலேயே பேனர்! எட்டாயிரம் மைல் தள்ளிப் பேசினால் பண்பாடு, எட்டு மைல் தள்ளிப் பேசினால் கலீஜா? இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

விண்ணப்பம் கேட்டேன். “தீர்ந்துடுச்சு” என்றாள். அவள் கக்கத்தில் ஒரு கட்டு இருந்தது. அடுத்து வந்த டை கட்டிய பிள்ளைகளுக்கு அதிலிருந்துதான் உருவிக் கொடுத்தாள்.

“இன்னா பாப்பா, மூஞ்சி தொங்கிகினு கீது?” என்றார் கத்திரி. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

நேராக ரஷ்ய மேசைக்குப் போனார். அங்கே ரஷ்யாவிலிருந்தே வந்த பேராசிரியர், தோள்வரை முடி. கத்திரி அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்துவிட்டார். நான் அந்தக் காகிதக் கொக்குக்குள் மடங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். குனி, ஆடாதே, காதோரம் குறைக்கட்டுமா என்று ரஷ்ய மொழியில் வரிசையாகக் கொட்டினார். காவலாளி ஓடிவந்தார். அதற்குள் கடைசி வரியும் வந்துவிட்டது: அம்மா சுகமா?

பேராசிரியர் காவலாளியைக் கையமர்த்தினார். சாய்ந்த தலையோடே நிறையப் பேசினார். ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் கத்திரி “ஆமாமா, ஆமாமா” என்றார். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், யாரோடு வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கத்திரி என்னைக் காட்டினார்.

இவர்கள் சும்மா பார்க்க வந்தவர்கள் என்று அட்டைக்காரி முந்திக்கொண்டாள்.

“பாக்க வர்லக்கா, பட்ச்சிக்க வந்துகீறேன். உன் கக்கத்துல கீது பாரு, அத்த குடு!”

பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் பார்வை சரியாக அவள் கக்கத்துக்குப் போனது. கொடுத்தாள்.

நேர்காணலில் தேறியது என் மூளையால்தான், கத்திரியால் அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அதே பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியில் எம்.ஏ. படிக்கிறேன். “அந்தாளு காதோரம் இன்னும் அப்டியே கீதா?” என்று கத்திரி வாராவாரம் விசாரிக்கிறார்.

வாய்மொழித் தேர்வில் சொல் வராமல் நிற்கும்போதெல்லாம், மேசைக்கு அடியில் என் இரண்டு கைகளும் ஒரு தலையைத் தேடுகின்றன.