பல் டாக்டர் தொடையில் கடைவாய்ப்பல்

"கொஞ்சம் மூச்ச விடுங்க டாக்டர். தொடையத்தான் அளக்குறேன், தூக்குல போட அளவெடுக்கல," என்றாள் சேணக்கடை வாண்டா.

கடை நடுவில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார் லெஸ்டர். மொன்டானாவின் அந்தச் சின்ன ஊருக்கு அவர் ஒருவர்தான் பல் டாக்டர். யார் வாய்க்குள்ளும் அஞ்சாமல் கையை விடுபவர், ஆக்ஸல் வாயைத் திறந்தால் மட்டும் நடுங்குவார். காரணம், பண்ணைக்கார ஆக்ஸலின் மகள் கோராவைக் கல்யாணம் செய்துகொள்ள அவர் ஆசைப்பட்டதுதான்.

"ஒரு நாள் என்கூட வந்து மாடு ஓட்டட்டும். அப்புறம் பாக்கலாம், மாப்பிள்ளையா மண்ணாங்கட்டியான்னு," என்று ஆக்ஸல் சொல்லிவிட்டார். சனிக்கிழமை, மலையில் மேயும் மாடுகளைத் திரட்டி ஓட்டி வருகிறார்கள். அதற்குத்தான் இந்தச் சாப்ஸ்.

சாப்ஸ் என்பது ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ளும் தோல் உறை. முள்ளும் புதரும் கிழிக்காமல் இரண்டு காலையும் மூடும். பின்பக்கத்தை மட்டும் அதன் தலையெழுத்துக்கு விட்டுவிடும்.

"முழங்காலோட நிக்கணுமா, குதிகால் வரைக்கும் வரணுமா? ஓரத்துல குஞ்சம் வேணுமா?"

"எது வீரமா இருக்கும்?"

"அது உள்ள நிக்கிற ஆளப் பொறுத்தது டாக்டர்."

கடைசியில் குதிகால் வரை, பழுப்பு நிறம், குஞ்சம் வேண்டாம் என்று முடிவானது. "பக்கவாட்டுல ஏதாவது முத்திரை?" என்று கேட்டாள் வாண்டா.

அவள் மேசைமேல் கிடந்த தோல் துண்டில் ஓர் உருவம் தெரிந்தது. மேலே புடைத்த வளைவு, கீழே இரண்டு கால். லெஸ்டருக்குப் புல்லரித்துவிட்டது. வேரோடு பிடுங்கிய அசல் கடைவாய்ப்பல்!

"இதுதான்! ரெண்டு தொடையிலயும். பெருசா!"

வாண்டா அளவு நாடாவைக் கீழே வைத்தாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என் வாழ்க்கையே இதுதாங்க."

"அவ்வளவு தூரம் ஆகிப்போச்சா! என்கிட்ட ஒருத்தரும் மூச்சு விடல," என்று முணுமுணுத்தபடி கத்தரியை எடுத்தாள். அடுத்தவர் பண்ணை விஷயத்தைத் துருவிக் கேட்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதனால் அவள் மேலே கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மாட்டுப்பட்டி வாசலில் லெஸ்டர் புதுச் சாப்ஸில் மாப்பிள்ளைக் களையோடு வந்து நின்றார். பார்த்தவுடன் கோராவின் முகம் வெளுத்தது.

"ஐயோ, இத எவ உன் காலுல தச்சது?"

"நல்லாருக்கா? கடைவாய்ப்பல்!"

"பல்லா? அது..." கோரா திரும்பி அப்பா எங்கே என்று பார்த்துக்கொண்டாள். "அது தெல்மா பண்ணையில மாட்டுக்குப் போடுற சூடு!"

லெஸ்டர் இரண்டு கையாலும் தொடைகளைப் பொத்திக்கொண்டார். அடுத்த பண்ணை விதவை தெல்மா, ஆக்ஸலின் ஜென்ம விரோதி. அவளுடைய காளை ஒரு முறை வேலி தாண்டி வந்தது. அடுத்த வருடம் ஆக்ஸல் பண்ணையில் பிறந்த கன்றுகளெல்லாம் அந்தக் காளையை உரித்துவைத்திருந்தன. அன்றிலிருந்து ஆக்ஸல் வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவதே இல்லை. தெல்மாவின் பேச்சை யாராவது எடுத்தால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும்.

"அப்பா பாத்தா என்னைத் தொலைச்சிருவாரு!" என்றாள் கோரா.

"உன்னையா? என்னை இல்ல?"

"ரெண்டு பேரையும்தான். பேசாம இரு!"

"கழட்டி வச்சிடட்டுமா?"

"சாப்ஸ் இல்லாத ஆள அப்பா குதிரைகிட்டயே சேக்கமாட்டாரு. உள்பக்கத்த வெளியத் திருப்பிக் கட்டு."

கட்டினார். முத்திரை மறைந்தது. கொக்கிகளெல்லாம் உள்ளே போய்த் தொடையைப் பிறாண்டின. குதிரை நாலு எட்டு ஓடியதும் லெஸ்டர் போட்ட கூச்சலில், பாதி மந்தை வந்த வழியே மலைக்குத் திரும்பிவிட்டது.

ஆக்ஸல் பாய்ந்து வந்தார். "யோவ் டாக்டரே! பல்லு புடுங்குறப்ப உங்கிட்ட வர்றவன்தான் கத்துவான். நீ எதுக்குய்யா கத்துற? அடக் கண்றாவியே, உள்ள வெளிய மாத்திக் கட்டியிருக்க! ஒழுங்கா திருப்பிக் கட்டுய்யா!"

லெஸ்டரைப் புதர் மறைவுக்கு இழுத்துப்போன கோரா, உறையைத் திருப்பிக் கட்டிவிட்டு, குனிந்து இரண்டு கை நிறையச் சாணியை அள்ளினாள். சூடான சாணி. சொத்தென்று இரண்டு முத்திரை மேலும் அப்பினாள்.

"கோரா, இந்தக் கல்யாணம் அவசியமா?"

"வாய மூடு, உள்ள போயிரும்."

திரும்பி வந்தவரை ஆக்ஸல் ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான்யா வேலை செஞ்ச மனுஷன் மாதிரி இருக்க," என்று முதுகில் தட்டினார். லெஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு எந்தக் கோட்டு போடுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்தார்.

சாணிக்கு ஈ வந்தது. ஒன்றிரண்டு அல்ல, சுற்று வட்டார ஈயெல்லாம் வந்தது. குதிரை தலையை உதறிப் பார்த்தது, உதைத்துப் பார்த்தது. ஓடையைக் கடக்கும்போது, போதுமடா சாமி என்று தண்ணீருக்குள் லெஸ்டரோடு சேர்ந்து படுத்துவிட்டது. எழுந்தபோது சாணி போன இடம் தெரியவில்லை. கடைவாய்ப்பல் இரண்டும் துலக்கிவிட்டதுபோல் மின்னின.

சாப்பாட்டு வேளை. ஆட்களெல்லாம் மொச்சையும் மாட்டுக்கறியும் வாங்க வண்டிப் பக்கம் போயிருந்தார்கள். கடைசிக் கன்றுகளுக்குச் சூடு போட மூட்டிய தீயிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைக் கோரா உருவினாள்.

"குறுக்க ஒரு கோடு இழுத்துட்டா வேற முத்திரை ஆயிரும். அசையாத."

"கோரா, தோலுக்குள்ள நான் இருக்கேன்!"

"காலை உள்ள இழுத்துக்க!"

புகை வந்தது. லெஸ்டர் ஊளையிட்டார். கோடு பாதி போவதற்குள், பின்னால் ஆக்ஸலின் நிழல் விழுந்தது.

அந்தப் பக்கத்தில் கொலைகாரனுக்குக்கூட நாலு பேர் பரிந்து பேசுவார்கள். மாட்டு முத்திரையைத் திருத்தியவனுக்குப் பெற்ற தாய்கூடச் சோறு போடமாட்டாள். ஆக்ஸல் தொடையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன் சார். கோரா மேல தப்பில்ல," என்றார் லெஸ்டர். அந்த நேரத்திலும் அப்படிச் சொல்லத் தோன்றியதற்காக அவரை நாம் மெச்சத்தான் வேண்டும்.

"தெல்மாவோட ஆளாடா நீ! வேவு பாக்கவா என் வீட்டுக்குள்ள வந்த? பொண்ணாம், கல்யாணமாம்! ஏய் பிட்மன்! இங்க வாய்யா!"

லாரியில் ஏற்றுமுன் ஒவ்வொரு மாட்டின் முத்திரையையும் பார்த்து, இது யாருடையது என்று சொல்ல வந்திருந்த அரசாங்க ஆய்வாளர் பிட்மன். வாயில் மொச்சையை மென்றபடியே வந்தார்.

"முத்திரை யாரோடதோ, உருப்படி அவங்களோடது. சட்டம் அதுதானே?" என்று இரைந்தார் ஆக்ஸல். "அந்தத் தெல்மாவ வரச் சொல்லி, இவன ஓட்டிட்டுப் போகச் சொல்லு!"

பிட்மன் குந்தி உட்கார்ந்து, லெஸ்டரின் தொடையில் ஒட்டியிருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்தார். இடது தொடை, வலது தொடை இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். லெஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாப்பிள்ளை ஆகிறது போய் மாடாகி நிற்கிறோமே என்று மனசு விட்டுப்போனது. கோரா இனி தனக்கில்லை.

"பிட்மன் மாமா, வேண்டாம். சொல்லாதீங்க," என்றாள் கோரா மெல்ல.

பிட்மன் மொச்சையை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"சட்டம் என்னவோ அதுதான் ஆக்ஸல், ஆனா தெல்மா மாட்டையும் முத்திரையையும் வசந்தத்துலயே உன் பொண்ணுக்கு வித்துட்டா, அதனால இந்த உருப்படிய ஓட்டிட்டுப் போக வேண்டியது கோராதான்."